மலைப்பயணத்தில் குடிநீர்: வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

டார்ஜிலிங்கில் 1954ஆம் ஆண்டிலும் உத்தரகாசியில் 1965ஆம் ஆண்டிலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் நிறுவப்பட்ட பின்னர், இமயமலைப் பகுதிகளில் நடைப்பயணம் மேற்கொள்ளும் மாணவர்களின் தொகை பெரிதும் பெருகியுள்ளது. இத்தகைய பயணங்களில் முதன்மையான தேவை குடிநீரே ஆகும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். நாளொன்றுக்கு ஒருவருக்கு மூன்று லிட்டர் எனக் கொண்டாலும், பல நாட்களுக்கு வேண்டிய நீரைச் சுமந்து செல்லுதல் இயலாது. எனவே வழியிலுள்ள ஓடைகளையும் ஊற்றுகளையுமே நம்ப வேண்டியுள்ளது. கையில் எடுத்துச் செல்லத்தக்க வடிகட்டிகள் இந்நிலையில் பெருந்துணை புரிகின்றன. ஆயின், எது சிறந்த வடிகட்டி என்று வினவும் முன்னர், நீரிலிருந்து எதனை நீக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.

நீரில் இருப்பவை

மலை நீர் தெளிவாக இருப்பதாலேயே தூய்மையானது எனக் கொள்ளலாகாது. எடுத்துக்காட்டாக, கௌரிகுண்டத்திலிருந்து கேதார்நாத் செல்லும் பாதையில் யாத்திரிகர்களுடன் மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செல்கின்றன. இத்தகைய பாதைகளில் மனிதக் கழிவும் விலங்குக் கழிவும் மழையில் அடித்துச் செல்லப்பட்டு ஓடைகளில் கலக்க இடமுண்டு.

நோய் விளைவிக்கும் நுண்ணுயிர்கள் மூவகைப்படும். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளின் கூடுகள் ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் வரை நீளமுள்ளவை. பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அரை மைக்ரான் முதல் சில மைக்ரான் வரையிலான அளவுடையவை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ்களோ ஏறத்தாழ 0.03 மைக்ரான் அளவே உடையவை. இன்று மிகுதியாக விற்கப்படும் நுண்குழல் இழை வடிகட்டிகளின் துளைகள் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவின. ஆகவே இவை முதல் இரு வகைகளையும் தடுத்து நிறுத்தும். வைரஸ்கள் இவற்றினூடே எளிதில் கடந்துவிடும்.

டெல்லி தந்த பாடம்

இவ்வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. 1955ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டெல்லியில் யமுனையின் போக்கு மாறியதால், வஜீராபாத்தில் குடிநீர் எடுக்குமிடத்தில் சாக்கடை நீர் கலந்தது. நீரேற்று நிலையத்தில் படிகாரமும் குளோரினும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. பாக்டீரியாவால் வரும் டைபாய்டு பரவவில்லை; ஆனால் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். இதற்குக் காரணம் இன்று ஹெபடைட்டிஸ் ஈ என அழைக்கப்படும் வைரஸ் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. பாக்டீரியா ஒழிந்ததைக் கொண்டு வைரஸும் ஒழிந்ததாகக் கருதலாகாது என்பதும், அழுக்கு மிகுந்த நீரில் குளோரினின் ஆற்றல் குன்றுகிறது என்பதும் இதனால் பெறப்படும் பாடங்களாகும். மனித நடமாட்டம் மிக்க நமது மலைப் பாதைகளுக்கும் இது பொருந்தும்.

முறைகளின் நிறைகுறைகள்

நுண்குழல் இழை வடிகட்டி எடை குறைந்தது. விரைந்து நீர் தருவது. ஆயினும் பனியாற்று நீரிலுள்ள மென்வண்டல் இதன் துளைகளை அடைத்துவிடும். எதிர்த்திசையில் நீர் செலுத்தி அடிக்கடி கழுவ வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பின் உள்ளிருக்கும் நீர் உறைந்தால் இழைகள் வெடித்துவிடும். அச்சேதம் கண்ணுக்குப் புலப்படாது. கடுங்குளிரில் இதனைப் படுக்கைப் பையினுள் வைத்துக்கொள்வதே முறை.

பீங்கான் வடிகட்டியைத் தேய்த்துத் துலக்கி நெடுநாள் பயன்படுத்தலாம். ஆனால் இது கனமானது. கீழே விழுந்தால் விரிசல் காணும். கரி வடிகட்டி நாற்றத்தையும் வேண்டாத சுவையையும் போக்கும். அதனை மட்டும் கொண்டு கிருமிகளை நீக்க இயலாது. புளோரைடு போன்ற கரைந்த உப்புகளை இம்மூன்றும் நீக்குவதில்லை. புற ஊதாக் கதிர்க் கருவி வைரஸையும் அழிக்கும். ஆனால் தெளிந்த நீரும் மின்கலமும் அதற்குத் தேவை.

கொதிக்க வைத்தல் எல்லா வகை நுண்ணுயிர்களையும் அழிக்கும் முறையாகும். 3,583 மீட்டர் உயரத்திலுள்ள கேதார்நாத்தில் நீர் ஏறத்தாழ 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அவ்வெப்பமும் போதுமானதே, எனினும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்க விடுதல் நலம். எரிபொருளைச் சுமக்க வேண்டியிருப்பதே இம்முறையின் குறை.

குளோரின் மாத்திரை பாக்டீரியாவையும் வைரஸையும் அழிக்கும்; கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியை அழிக்காது. வடிகட்டியோ அதனைத் தடுத்துவிடும். எனவே ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. கலங்கல் நீரை முதலில் தெளிய வைத்து, துணியில் வடித்து, பின்னர் வடிகட்டியில் செலுத்தி, உறையில் குறித்த அளவில் மாத்திரையிட்டுக் குறைந்தது அரைமணி நேரம் வைத்திருக்க வேண்டும். நீர் மிகக் குளிர்ந்திருப்பின் கூடுதல் நேரம் தேவைப்படும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

கல்லூரிகளுக்கோ மீட்புப் பணிக் குழுக்களுக்கோ வடிகட்டி வாங்கும் அலுவலர்கள், விலைப்புள்ளியுடன் சோதனை அறிக்கையையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1987இல் வகுத்த அளவுகோலின்படி, முழுமையான தூய்மிப்பான் பாக்டீரியாவில் 99.9999 விழுக்காட்டையும், வைரஸில் 99.99 விழுக்காட்டையும், ஒட்டுண்ணிக் கூடுகளில் 99.9 விழுக்காட்டையும் நீக்க வேண்டும். அறிக்கையில் வைரஸ் பற்றிய குறிப்பு இல்லையெனில், வடிகட்டியுடன் மாத்திரைகளையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

நீர் தரும் வேகத்தையும் கணக்கிட வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவிற்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் தேவை. நிமிடத்திற்கு அரை லிட்டர் தரும் கருவி இதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கருவி பழுதடைந்தால் குழு முழுவதும் இடருறும்; ஆதலால் மாற்றுக் கருவியொன்று உடனிருத்தல் நல்லது. புறப்படுவதற்கு முன்பே குழுவினர் ஒவ்வொருவரும் வடிகட்டியைக் கழுவவும், மாத்திரையை உரிய அளவில் இடவும் பழகிக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கு வர இரண்டு மூன்று நாட்கள் நடக்க வேண்டிய இடத்தில் வயிற்றுப்போக்கு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். அதனைத் தவிர்க்கும் வழி இச்சிறு பயிற்சியிலேயே தொடங்குகிறது.