ஒட்டுவதற்கு முந்தைய வேலை

சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பேத்தியின் தாடையில் நான்கு தையல்கள் போடப்பட்டன. கடலைக் குறை சொல்ல முடியாது. கோவளத்தில் அன்று எழுந்தவை இடுப்பளவு அலைகள்தாம். முந்தைய நாள் மாலை இருபதே நிமிடங்களில் நான் செய்து முடித்த ஒரு வேலைதான் காரணம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டாகி, 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியும் நடந்து முடிந்த பிறகு, அலைச்சறுக்குப் பலகை நம் வீட்டுக் கூடங்களிலும் சுவரோரம் சாய்ந்து நிற்கத் தொடங்கிவிட்டது. என்னைப் போன்ற தாத்தாக்கள் வேறு சிலரும் இருக்கக்கூடும்.

அலைச்சறுக்குப் பலகையின் மேற்புறம் கண்ணாடிபோல் வழவழப்பானது. ஈரக் கால் அதில் நிற்காது. அதற்காக மேலே மெழுகு தேய்ப்பார்கள். பின்னங்கால் ஊன்றும் வால்பகுதியில் மட்டும், பலகையை அழுத்தித் திருப்ப வேண்டியிருப்பதால், மெழுகின் பிடி போதாது. அங்கே 'டிராக்‌ஷன் பேட்' எனப்படும், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெத்தை போன்ற பொருளை ஒட்டுவது வழக்கம். ஓட்டக் காலணியின் அடிப்பாகத்தில் இருக்கும் அதே ஈவிஏ நுரைதான் அது. அதன் அடியில் பசை பூசி, மேலே தாள் ஒட்டித் தருகிறார்கள். தாளை உரித்து ஒட்ட வேண்டியதுதான் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பேத்திக்கு வாங்கியது பழைய பலகை. முன்பு வைத்திருந்தவர் நுனி முதல் வால் வரை மெழுகு தேய்த்திருந்தார். அதை ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய பேட்டை ஒட்டினேன். மறுநாள் காலை மூன்றாவது அலையிலேயே அது ஓரத்திலிருந்து கிளம்பி, அவள் காலுக்கடியில் நழுவியது. பலகை புரண்டு அதன் விளிம்பு தாடையில் அடித்தது.

அன்று மாலை கோவளத்தில் பலகைகளைப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் அந்தப் பேட்டைக் கொண்டுபோனேன். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். நடக்கப் பழகிய நாளிலிருந்து அலையோடு இருப்பவர். "தம்பி, பசை சரியில்லை" என்றேன். அவர் பேட்டைத் திருப்பிக் காட்டினார். பசை முழுதும் மங்கலாக வெளுத்திருந்தது; அங்கங்கே மணல் துகள். "பசை நல்லாத்தான் ஒட்டியிருக்கு சார். பலகையில ஒட்டல, மெழுகுல ஒட்டியிருக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் செய்தி முழுதும் அடங்கிவிட்டது. இது அழுத்தத்தால் ஒட்டும் பசை. சிமென்ட் போல இறுகுவதில்லை. மிகக் கெட்டியான திரவத்தைப் போல, அழுத்த அழுத்தப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் மெல்லப் படர்கிறது. படர வேண்டுமானால் பரப்பு அதை ஏற்க வேண்டும். தாமரை இலை நீரை ஏற்காததற்கு அதன் மேலுள்ள நுண்ணிய மெழுகும் ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெழுகு மிஞ்சியிருந்தாலும் பலகையின் வால் தாமரை இலையாகிவிடும். பசை படர்வது தடைப்படும்; படர்ந்த இடத்திலும் அது பற்றியிருப்பது தானே உரிந்துவரக்கூடிய ஒரு மெழுகுப் படலத்தைத்தான்.

இங்கே என் வெட்கம் இருமடங்காகிறது. பொருளாதார வகுப்பில் மைக்கேல் கிரெமரின் 'ஓ-ரிங்' கோட்பாட்டைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே கிரெமர் 1993இல் வெளியிட்ட கட்டுரை அது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் ஒரு ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனதால் சிதறியது. சில உற்பத்திகளில் படிநிலைகளின் தரம் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது என்பது கிரெமரின் கருத்து. ஆறு படிகளையும் தொண்ணூறு சதவீதத் தரத்தில் செய்தால் முடிவு தொண்ணூறாக இருக்காது. ஏறக்குறைய ஐம்பத்து மூன்றுதான். ஒரு படி பூஜ்யமானால் மற்ற ஐந்தின் சிறப்பும் வீண். விலை உயர்ந்த பேட்டை வாங்கி மெழுகை ஈடுகட்டிவிடலாம் என்று நான் போட்ட கணக்கு, கூட்டல் கணக்கு.

இனி அந்த இளைஞர் செய்ததைச் சொல்கிறேன். முதலில் வால்பகுதியை விரலால் தடவி வெடிப்பு, நசுங்கல் இருக்கிறதா என்று பார்த்தார். வெடிப்பின் மேல் பேட்டை ஒட்டினால் வெடிப்பு மறையும். தண்ணீர் உள்ளே போவது நிற்காது. அப்படி ஏதேனும் இருந்தால் உலரவிட்டு, ரெசின் வைத்து அடைத்த பிறகே மேற்கொண்டு வேலை. எங்கள் பலகையில் இல்லை.

அடுத்து மெழுகு. பலகையைச் சில நிமிடங்கள் மட்டும் வெயிலில் காட்டி, மெழுகு வெண்ணெய்ப் பதத்துக்கு வந்ததும் பிளாஸ்டிக் சீப்பின் நேர்விளிம்பால் வழித்தெடுத்தார். 'சில நிமிடங்கள் மட்டும்' என்பது முக்கியம். எங்களுடையது உள்ளே தெர்மாகோல், வெளியே எப்பாக்ஸி. அதிகம் சூடேறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து மேலோடு பிரிந்து உப்பிவிடும். பிறகு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து ஒரே திசையில் துடைத்தார். துணியை மடித்து, புதுப் பக்கத்தால் மீண்டும். சுழற்றிச் சுழற்றித் துடைத்தால் மெழுகு போகாது, இடம்தான் மாறும். வெள்ளைத் துணி எதற்கென்றால், அழுக்கு வருவது நின்றதா என்பதைத் தெரிந்துகொள்ள. ஆறாவது மடிப்பில் நின்றது.

நம் வீடுகளில் பிசுக்கு என்றாலே மண்ணெண்ணெயைத் தேடுவோம். சிலர் தேங்காய் எண்ணெய். இரண்டும் மெழுகைக் கரைக்கும். கரைத்துவிட்டுத் தம் எண்ணெயை அங்கேயே விட்டுச் செல்லும். ஆரஞ்சுத்தோல் எண்ணெயில் செய்த துப்புரவுத் திரவங்களும் அப்படியே. அவற்றுக்குப் பின்னும் ஆல்கஹால் தேவை. பெயின்ட் தின்னரும் நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோனும் வேறு வகை ஆபத்து: மேலோட்டில் ஊசிமுனை வெடிப்பு இருந்தாலும் உள்ளே இறங்கி தெர்மாகோலைக் கரைத்துப் பொந்தாக்கிவிடும். ஆல்கஹாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது. சன்னலைத் திறந்துவையுங்கள், பூஜை அறைப் பக்கம் இந்த வேலை வேண்டாம்.

அதன்பின் அவர் செய்ததுதான் என்னை வியக்கவைத்தது. ஒரு குவளைத் தண்ணீரைத் துடைத்த இடத்தின் மேல் மெல்ல ஊற்றினார். தண்ணீர் ஒரே படலமாக விரிந்து நின்றது. விளிம்பருகே ஓரிடத்தில் மட்டும் விலகி முத்துமுத்தாகத் திரண்டது. "அங்க இன்னும் இருக்கு." தொழிற்சாலைகளில் வண்ணம் பூசும் முன் உலோகத்தகட்டின் தூய்மையை அறிய இதே சோதனையைச் செய்கிறார்கள். எந்த நூலில் படித்தீர்கள் என்று கேட்டேன்; சிரித்தார்.

அந்த இடத்தையும் துடைத்து, பலகை நன்றாகக் காய்ந்தபின், பேட் உட்காரும் பரப்பை மட்டும் 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். பளபளப்பு மங்கினால் போதும், ரெசினைத் தின்னக்கூடாது. முன்பே மங்கலாக முடித்த பலகைக்கு இது வேண்டியதில்லை. பஞ்சர் ஒட்டுபவர் டியூபை அரத்தால் தேய்ப்பதை நினைத்துக்கொள்ளலாம். வரிசையும் மாறக்கூடாது: மெழுகு இருக்கும்போதே தேய்த்தால், உப்புத்தாளின் கீறல்களுக்குள் மெழுகை நாமே அடைத்தவர்களாவோம். தேய்த்த தூளையும் ஆல்கஹாலால் துடைத்தார்.

தாளை உரிக்காமல் பேட்டின் மூன்று துண்டுகளையும் வைத்துப் பார்த்து இடம் குறித்தது அதற்குப் பிறகு. பலகையின் நடுவே ஓடும் மரக்கோடுதான் நடுத்துண்டுக்கு வழிகாட்டி. பின்விளிம்பு, காலில் கட்டும் கயிறு கோக்கும் குழியை மறைக்கக்கூடாது. முன்விளிம்பு, அடியில் இருக்கும் முன் ஃபின்களுக்கு நேராக வந்தால் நலம். பென்சிலால் எல்லை வரைந்தார்.

நான் பலகையைக் குளிர்சாதன அறையிலிருந்து நேராகக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒட்டியதைக் கேட்டு அவர் தலையில் கைவைத்தார். குளிர்ந்த பரப்பின் மேல் நம் கடலோரக் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் வியர்க்கும். உச்சிவெயிலிலும் ஒட்டக்கூடாது. நிழலில், பலகையும் பேட்டும் அறையின் வெப்பத்துக்கு வந்தபின், கடற்காற்று நேராக வீசாத இடத்தில் ஒட்ட வேண்டும். உப்பும் மணலும் அந்தக் காற்றில்தான் வருகின்றன.

ஒட்டுவது ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நடுத்துண்டின் தாளில் பாதியை உரித்து, பசையை விரல் தொடாமல், கோட்டின் மேல் இறக்கி, நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே மீதித் தாளை இழுத்தார். பிறகு உள்ளங்கையால் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினார். ஓரங்களைக் கட்டைவிரலால் ஒவ்வோர் அங்குலமாக. பேட் உரிவது எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும்.

"மூணு நாள் தண்ணியில இறக்கக்கூடாது" என்றார். பேத்திக்கு முகம் வாடியது. ஒரு நாள் போதும் என்று அவளுடைய நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். இருவர் சொன்னதும் சரியே. த்ரீ-எம் நிறுவனம் தன் அக்ரிலிக் நுரைநாடாக்களுக்குத் தரும் கணக்குப்படி, அறைவெப்பத்தில் இருபது நிமிடத்தில் பாதி வலிமை வருகிறது. 24 மணி நேரத்தில் 90 சதவீதம். முழு வலிமைக்கு 72 மணி நேரம். முதல் முறை நான் கொடுத்தது பன்னிரண்டு மணி நேரம், அதுவும் மெழுகின் மேல்.

கூலி கேட்டபோது அவர் சொன்ன தொகை, பேட்டின் விலையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஏன் இவ்வளவு குறைவு என்றேன். ஒட்டுவதற்குத்தான் ஆட்கள் பணம் தருகிறார்களாம், துடைத்ததற்கு என்று சொன்னால், "துணியால துடைக்க எதுக்குக் காசு?" என்கிறார்களாம். அதனால், அவசரமாக வருபவர்களுக்கு அவரும் அரைமணியில் ஒட்டிக் கொடுத்துவிடுவதுண்டு. மூன்று மணி நேர வேலை. அதில் விலை பேசப்படுவது கடைசி ஐந்து நிமிடம் மட்டும். சந்தை விலை உழைப்பின் மதிப்பைச் சரியாகக் காட்டும் என்று தேர்வுத்தாளில் எழுதிய மாணவர்களுக்கு நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கான கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். அதிகம் என்று மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை பேத்தி பலகையைக் கூடத்தில் படுக்கவைத்து, விரல்நகத்தால் பேட்டின் ஓரம் முழுவதையும் நெம்பிப் பார்த்தாள். தாடையில் தையல் பிரித்த தழும்பு ஆறிய பிறகும், ஒவ்வொரு முறை கடலுக்குக் கிளம்பும் முன் அதைச் செய்கிறாள். இந்த எட்டு மாதங்களில் ஓர் ஓரமும் எழும்பவில்லை.