கம்பிக்கு வெளியே ஒரு தண்டனை

பத்தாண்டுகளாகப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், 1918 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டுக் கடலூர் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்கள் பரிந்து பேசினார்கள். மூன்று வாரங்களுக்குப் பிறகு, டிசம்பர் 14 அன்று விடுதலை கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளோடு. அவர் திருநெல்வேலி மாவட்டத்தில் தங்க வேண்டும், அரசியலில் ஈடுபடக் கூடாது, எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் காவல்துறையிடம் காட்ட வேண்டும். அவர் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார். 1920இல்தான் தடைகள் விலகின.

சிறைக்கு வெளியே நிபந்தனைகளோடு ஒருவரை வாழவிடும் ஏற்பாடு இன்று உலகெங்கும் இருக்கிறது. பாரதியாருக்கு அது வாய்ப்பூட்டாக வந்தது. அதே ஏற்பாடு வேறொரு கையில் கைத்தாங்கலாகவும் மாறும். நிபந்தனை யாருடைய நன்மைக்காக விதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது.

கைத்தாங்கலான வடிவம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளியிடம் பிறந்தது. 1841இல் நீதிமன்றத்தில் குடிபோதை வழக்கில் நின்ற ஒருவரைப் பார்த்தார். இவருக்கு நான் பொறுப்பு என்று பிணை கொடுத்து அழைத்துப் போனார். சில வாரங்கள் கழித்து அதே மனிதர் குடியை விட்டுத் தெளிந்த முகத்தோடு வந்து நின்றபோது, நீதிபதி பெயரளவில் ஒரு சிறு அபராதத்தோடு முடித்துவிட்டார். 1859இல் இறப்பதற்குள் அகஸ்டஸ் இப்படி ஏறத்தாழ 2,000 பேருக்குப் பிணை நின்றார். அவருக்கு அரசுப் பதவியோ அரசுச் சம்பளமோ கிடையாது. ஒருவரை இன்னொருவர் நேரில் கவனித்துக்கொண்டால் சிறை தேவைப்படாமல் போகலாம் என்று காட்டினார், அவ்வளவுதான்.

அந்த எண்ணம் நம் ஊருக்கும் வந்து நெடுநாளாகிறது. சென்னை மாகாணம் 1936லேயே குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1958இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அது எப்படி இயங்குகிறது என்பதைச் சிதம்பரம் பக்கத்துக் கற்பனை வழக்கொன்றை வைத்துப் பார்க்கலாம்.

கொள்ளிடக்கரை வயலொன்றில் பம்ப்செட் வயரைத் திருடி மாட்டிக்கொண்ட இருபது வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் குற்றம். சிதம்பரம் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகிறது. உடனே தண்டனை சொல்லிவிட முடியாது. 21 வயது நிறையாதவரை, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்துக்கு, காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது சட்டத்தின் ஆறாம் பிரிவு. நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். அவர் ஊருக்குப் போகிறார். அப்பாவுக்கு வேலை உண்டா, பையன் யாரோடு சுற்றுகிறான், படிப்பு எந்த வகுப்பில் நின்றது, வீட்டில் யார் சொன்னால் கேட்பான் என்று விசாரிக்கிறார். அறிக்கை நல்லபடியாக இருந்தால், மூன்றாண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பலாம். வயரைப் பறிகொடுத்த விவசாயிக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் ஐந்தாம் பிரிவில் இடமுண்டு. இதில் பாதிக்கப்பட்டவருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. சிறைத் தண்டனை மட்டும் அந்த விவசாயிக்கு ஒரு மீட்டர் வயரைக்கூடத் திருப்பித் தராது.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு சங்கதி உண்டு. 21 வயது என்பதைக் குற்றம் நடந்த நாளில் பார்ப்பதில்லை, விசாரணை நீதிமன்றம் தண்டனை வழங்கும் நாளில்தான் பார்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பத்தொன்பது வயதில் தவறு செய்தவனின் வழக்கு மூன்றாண்டு இழுத்தால், அந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகும். எந்த வயதினருக்கும் பொருந்தும் நான்காம் பிரிவு அப்போதும் இருக்கும், ஆனால் அது நீதிபதி விரும்பினால் தருவது.

சிறையைக் குறைத்தால் குற்றம் பெருகாதா? இதற்கு ஃபின்லாந்து நல்ல பதில். 1950களில் அந்நாட்டுச் சிறைகளில் மக்கள்தொகை விகிதப்படி பக்கத்து நோர்டிக் நாடுகளைவிட மூன்று, நான்கு மடங்கு கைதிகள் இருந்தார்கள். பல பத்தாண்டுகளாக நிதானமாகச் சட்டங்களை மாற்றி, 1990களில் அந்த எண்ணிக்கையை அண்டை நாடுகளின் அளவுக்கு இறக்கினார்கள். அந்தக் காலம் முழுதும் ஃபின்லாந்தின் குற்ற விகிதம் ஸ்வீடன், டென்மார்க், நார்வேயில் ஏறி இறங்கியது போலவேதான் ஏறி இறங்கியது. நான்கு நாடுகளின் வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சிறைக் கோடு மட்டும் ஒன்றில் சரிகிறது. குற்றக் கோடுகள் கூட்டாகவே நகர்கின்றன. இது கிட்டத்தட்ட ஒரு இயற்கைப் பரிசோதனை.

சமூக சேவைத் தண்டனையை அறிமுகம் செய்தபோது அந்நாடு இன்னொரு எச்சரிக்கையும் கொண்டது. முதலில் நீதிபதி சேவையை மறந்துவிட்டு, நேரடியாகச் சிறைத் தண்டனையை விதிக்க வேண்டும். அதன் பிறகே, எட்டு மாதத்துக்கு மேற்படாத தண்டனையைச் சேவை நேரமாக மாற்றலாம். ஏன் இந்தச் சுற்றுவழி? இல்லாவிட்டால், எச்சரித்து விட்டுவிடக்கூடிய ஆட்களுக்கும் சேவைத் தண்டனை விழும். சிறை காலியாகாது, வலைதான் அகலமாகும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை முதன்முறையாக நம் தண்டனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அவதூறு, பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொந்தரவு செய்வது, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடித் திருப்பித் தருவது உள்ளிட்ட சில சிறு குற்றங்களுக்கே அது பொருந்தும். நல்ல தொடக்கம். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு அபராதத்தோடு விடுவது முன்பும் முடிந்ததுதான். ஃபின்லாந்தின் எச்சரிக்கை நமக்கும் வேண்டும்.

நம் சிறைகளின் பெரும்பாரம் தண்டனை பெற்றவர்களே அல்ல. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். இவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. இவர்களுக்கு மாற்று வழி என்பது கட்டக்கூடிய பிணைத் தொகையும், தாமதமில்லாத விசாரணையும்தான்.

வழக்கு நடத்தும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் குற்றமானால், தண்டனை குறித்து நீதிபதி கேட்கும் கட்டத்தில் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கும்படி வழக்கறிஞர் வழியாகக் கேட்கலாம். 21 வயது நிறையாதவருக்கு நீதிமன்றம் அலுவலர் அறிக்கையையும் கேட்டே தீர வேண்டும். அரசின் பக்கம் வேண்டியது, ஊருக்குள் போய் விசாரிக்கவும் மாதாமாதம் வந்து பார்க்கவும் நேரமுள்ள நன்னடத்தை அலுவலர்கள். பாஸ்டன் தொழிலாளி தனி ஆளாகச் செய்ததை, சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்ய ஓர் அரசால் முடியும்.