கூட்டக் குறிப்பும் ஒரு வலைப்பக்கமும்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களில் பொறுப்பு என்பது பெரும்பாலும் மாற்றல் உத்தரவோடு சேர்ந்தது. இந்த ஆண்டு இங்கே செயலாளராக இருப்பவர் அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். அவர் வீட்டுச் சாமான்களோடு கூட்டக் குறிப்பேடும் ஏதோ ஓர் அட்டைப் பெட்டியில் போய்விடுவதுண்டு. பிறகு, "கட்டட நிதியிலிருந்து முன்பணம் கொடுக்கலாம்னு எந்தக் கூட்டத்தில் முடிவு பண்ணினோம்?" என்று ஒருவர் கேட்டால், நினைவை நம்பித்தான் சண்டை போட வேண்டும். எங்கள் சங்கத்தில் குறிப்பெழுதும் வேலை என்னிடம் இருப்பதால், அதை எளிய வலைப்பக்கமாக வைக்கும் முறையை இங்கே சொல்கிறேன்.

எடுத்த முடிவைப் பலர் பார்க்க எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்ச் சபையார் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில், தங்கள் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்பது அதில் ஒரு விதி. எழுதிய மத்தியஸ்தனின் பெயரும் கடைசியில் உண்டு.

குறிப்பில் இருக்க வேண்டியவை: நாள், இடம், தலைமை, வந்தவர்கள், சென்ற கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டதா என்பது, தீர்மானங்கள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், யார் எந்தத் தேதிக்குள் எதைச் செய்வது என்பது. யார் எவ்வளவு சூடாகப் பேசினார் என்பது வேண்டாம், முடிவு போதும்.

இனி பக்கம். இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. நோட்பேட் போதும். எச்டிஎம்எல் என்பது கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் சில அடையாளச் சொற்கள்தான். தலைப்புக்கு 'எச்1', பத்திக்கு 'பி', எண்ணிட்ட தீர்மானங்களுக்கு 'ஓஎல்', அதனுள் ஒவ்வொன்றுக்கும் 'எல்ஐ'. இந்த நான்கிலேயே குறிப்பு முழுவதும் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது எழுத்துக் குறியேற்றம். 2000ஆம் ஆண்டையொட்டி டிஸ்கி, டாம், டாப் என்று பல முறைகளில் தட்டச்சிட்ட கோப்புகள், உரிய எழுத்துருவோ மாற்றியோ இல்லாவிட்டால் இன்று வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. ஆகவே யூனிகோடில் தட்டச்சிட்டு, சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுங்கள். 'ஆன்சி' என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பக்கத்தின் தலைப்பகுதியிலும் யுடிஎஃப்-8 என்று ஒரு 'மெட்டா' வரி சேருங்கள்.

கோப்புக்கு 2025-03-16 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயரிட்டால், கூட்டங்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். ஏட்டைப் படம் பிடித்துப் போட்டால் போதாதா என்பார்கள். சாதாரணப் படத்தில் 'கட்டட நிதி' என்று தேடினால் அகப்படாது. எழுத்தாக இருந்தால் நொடியில் கிடைக்கும். இடமும் சில கிலோபைட்தான். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டே ஆகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கையெழுத்திட்ட ஏட்டுக்கு இது மாற்று இல்லை, துணை மட்டுமே. அடுத்த கூட்டம் ஏற்கும்வரை பக்கத்தின் மேலே 'வரைவு' என்று போடுங்கள். அடுத்தது, தொலைபேசி எண், வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண், மருத்துவ உதவி பெற்றவர் பெயர் ஆகியவை ஏட்டோடு நிற்கட்டும்.

நம்ம பிள்ளைகள் பலருக்கு எச்டிஎம்எல் தெரியும், தமிழ் வாசிக்கத் தடுமாறுவார்கள். பெற்றோருக்கு நேர்மாறு. ஒருவர் வாசிக்க, ஒருவர் அடையாளமிட, இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்தால் ஓர் ஆண்டுக் குறிப்புகளையாவது ஏற்றத் தொடங்கிவிடலாம். 'தீர்மானம்', 'வழிமொழிதல்' என்ற சொற்கள் பிள்ளை வாயில் புழங்கும். நாளைக்குச் சங்கத்தை நடத்தப் போவதும் அவர்கள்தானே!