சாய்ந்த கோபுரமும் எங்கள் வீட்டுச் சுவரும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்று எங்களுடையது. சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, என் தங்கை தன் புத்தகத்திலிருந்த பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் படத்தைக் காட்டி, "அண்ணா, இதுவும் நம்ம வீட்டுச் சுவர் மாதிரியே சாஞ்சிருக்குதே, இது மட்டும் ஏன் விழல?" என்று கேட்டாள். அடுப்படியிலிருந்த பாட்டி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாய்ந்திருக்கும் அந்தச் சுவரின் ஓரத்தில்தான் பாட்டி இரவில் படுப்பது வழக்கம்.

கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் இதுபற்றித் தேடிப் படித்தேன். தங்கையும் ஊராரும் கேட்ட கேள்விகளையே தலைப்புகளாக்கி, நான் அறிந்தவற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

அது என்ன கோபுரம்?

இத்தாலி நாட்டின் பைசா நகரப் பேராலயத்துக்குரிய மணிக்கூண்டு அது. பளிங்குக் கற்களால் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ 56 மீட்டர் உயரம். எடை சுமார் 14,500 டன். உச்சியில் ஏழு மணிகள் தொங்குகின்றன. 1173-ஆம் ஆண்டு தொடங்கிய வேலை, மணி அறையுடன் நிறைவு பெற்றது 1372-இல்தான். கட்டி முடிக்க ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன!

ஏன் சாய்ந்தது?

கல்லில் குற்றமில்லை, கொத்தனார் கையிலும் குற்றமில்லை. குற்றம் அடிமண்ணில் இருந்தது. ஆர்னோ ஆற்றங்கரையில் உள்ள அந்நகரின் நிலம் களிமண்ணும் வண்டலும் மணலும் கலந்த இளகிய மண். அவ்வளவு பெரிய பாரத்துக்கு அவர்கள் இட்ட அடித்தளமோ மூன்று மீட்டர் ஆழமே. மூன்றாம் அடுக்கு எழும்பியபோதே ஒருபக்க மண் அதிகமாக அமுங்கி, கோபுரம் சாயத் தொடங்கிவிட்டது.

சாய்வதைக் கண்டும் ஏன் மேலே கட்டினார்கள்?

உடனே கட்டவில்லை. அண்டை நகரங்களுடன் மூண்ட போர்களால் ஏறத்தாழ நூறாண்டுகள் வேலை நின்றது. அந்த இடைவெளியில் களிமண் பாரம் தாங்கி இறுகிக்கொண்டது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே கவிழ்ந்திருக்கும் என்பது அறிஞர் கருத்து. 1272-இல் மீண்டும் தொடங்கியவர்கள், தாழ்ந்த பக்கத்தை உயர்த்திக் கட்டிச் சாய்வை ஈடுசெய்ய முயன்றனர். இதனால் கோபுரம் சாய்ந்திருப்பதோடு சற்றே வளைந்தும் இருக்கிறது.

பிறகு ஏன் விழவில்லை?

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக இழுக்கும் கோடு அதன் அடிப்பரப்புக்குள் விழும்வரை அப்பொருள் கவிழாது. இது நாம் பள்ளியிலேயே படித்த பாடம். பைசா கோபுரத்தில் அக்கோடு இன்றும் அடிப்பரப்புக்குள்தான் விழுகிறது. ஆனால் மண் தொடர்ந்து அமுங்கிக்கொண்டே போனால் இந்த விதி மட்டும் கோபுரத்தைக் காப்பாற்றிவிடாது.

கலிலியோ அதன் உச்சியிலிருந்து குண்டுகளைப் போட்டாரா?

கலிலியோ 1564-இல் பைசாவில் பிறந்தவர். குண்டுகளைப் போட்ட கதையை எழுதியவர் அவருடைய மாணவர் விவியானி. அச்சோதனை உண்மையில் நடந்ததா என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். ஆனால் 1610-இல் அவர் தொலைநோக்கியால் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது உறுதியான வரலாறு. அவற்றுள் ஒன்றான கனிமீடை 1972-இல் நம் காவலூர் வான் ஆய்வகத்திலிருந்து உற்றுநோக்கி ஆராய்ந்தனர் என்பது, ஜவ்வாது மலைக்காரனான எனக்குப் பெருமை தரும் செய்தி.

நிமிர்த்த யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள், முயன்றே கெடுத்தார்கள்! 1838-இல் புதைந்த அடிப்பகுதியைக் காட்டுவதற்காகச் சுற்றிலும் பள்ளம் தோண்டினர். நீர் ஊறிக் கோபுரம் மேலும் சாய்ந்தது. 1934-இல் முசோலினியின் ஆணைப்படி அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான துளைகளிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினர், மறுபடியும் சாய்ந்தது. 1989-இல் பாவியா நகரில் இதேபோன்ற பழைய கோபுரம் ஒன்று திடீரென இடிந்து நான்கு உயிர்களைக் குடித்தது. அதன்பின் 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தையும் பொதுமக்களுக்கு மூடிவிட்டனர். அப்போது அதன் சாய்வு ஏறத்தாழ ஐந்தரைப் பாகை.

எப்படிக் காப்பாற்றினார்கள்?

வியப்பு இங்கேதான் இருக்கிறது. கோபுரம் சாய்ந்திருப்பது தெற்கே. முதலில் வடக்குப் பக்கத்தில் சுமார் 600 டன் ஈயக்கட்டிகளைப் பாரமாக ஏற்றினர். பின்னர், சாய்ந்த பக்கத்தைத் தொடாமல், வடக்குப் பக்கத்து அடிமண்ணைச் சரிவான துளைகள் வழியே சிறிது சிறிதாக அகழ்ந்தெடுத்தனர். எடுத்த மண் மொத்தம் 38 கனமீட்டர் அளவே. நாலைந்து லாரி நிறைய இருக்கும். மேடான பக்கம் மெல்ல இறங்க, உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் திரும்பி வந்தது. 2001 டிசம்பரில் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது. சாய்வு இப்போது ஏறக்குறைய நான்கு பாகை. முழுதும் நிமிர்த்த அவர்கள் முனையவில்லை. சாய்ந்திராவிட்டால் அதைப் பார்க்க யார் போவார்கள்?

நம் நாட்டில் இப்படி உண்டா?

உண்டு. காசியில் கங்கைக்கரையிலுள்ள ரத்னேசுவர் மகாதேவர் கோயிலும், ஒடிசாவில் மகாநதிக்கரையிலுள்ள ஹூமா கோயிலும் சாய்ந்தே நிற்கின்றன. இரண்டும் ஆற்றங்கரைக் கோயில்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஆற்றங்கரை இல்லை, மலைச்சரிவுதான். மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டி நிரவி, அதன்மேல் எழுப்பிய வீடு அது. பாதி வீடு கெட்டித்தரையிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. மழைநீர் இறங்க இறங்கக் கொட்டிய மண் அமுங்கியது, சுவர் சாய்ந்தது, கதவு நிலையில் பொருந்தவில்லை. அப்பா சுவருக்கு வெளியே சிமெண்டு பூசி, கல்லடுக்கி முட்டுக் கொடுக்க எண்ணியிருந்தார். நான் 1934-ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன். அப்பா சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மண்ணத்தான் பாக்கணும்கிற" என்றார்.

முதலில் மேட்டுப்பக்கம் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பினோம். பாட்டியின் பாயை மேட்டுப்பக்க அறைக்கு மாற்றினோம். சாமை அறுவடை முடிந்ததும் அந்தச் சுவரைப் பிரித்து, கெட்டித்தரை தென்படும் வரை தோண்டி, புதிதாகக் கடைக்கால் போடுவதென்று முடிவாயிற்று.

நம் மலையிலும் மலையடிவாரத்திலும் இன்று புதிய வீடுகள் பல எழும்பி வருகின்றன. சுவரின் வண்ணத்தைப் பார்க்குமுன் அதன் அடிமண்ணைப் பார்ப்போம். சாய்ந்த கோபுரம் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.