கிராண்ட் கேன்யன்: விளிம்பில் நிற்கும் கல் வீடுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யனுக்குப் போகிறவர்களில் பலர் செய்வது இதுதான். காரை நிறுத்திவிட்டு விளிம்புக்கு ஓடுவார்கள். ‘அம்மாடி!’ என்று வாயைப் பிளப்பார்கள். நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் நூறு வருடக் கதையோடு நிற்கும் கல் கட்டடங்களை, ‘அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பிரமிப்பு நியாயமானதுதான். 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். கொலராடோ ஆறு 50, 60 லட்சம் வருடங்களாக அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு இது. அடியில் தெரியும் பாறைகளுக்கு வயது சுமார் 170 கோடி வருடம்.

நமக்கு இன்னொரு ஆச்சரியமும் காத்திருக்கிறது. பள்ளத்தாக்குக்குள் எழுந்து நிற்கும் சிகரங்களுக்கு விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள் என்றெல்லாம் பெயர்! 1880-களில் இங்கே ஆய்வு செய்த நிலவியல் அறிஞர் கிளாரன்ஸ் டட்டனுக்கு அவை கீழை நாட்டுக் கோயில்களை நினைவுபடுத்தின. அவர் தொடங்கிவைத்த வழக்கம் இது. அடியில் இருக்கும் அந்தப் பழம்பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான்.

ஒரு பெண் கட்டிய கட்டடங்கள்

1901-ல் தெற்கு விளிம்பு வரை ரயில் வந்தது. பின்னாலேயே பயணிகளும் வந்தார்கள். 1905-ல் எல் டோவர் ஹோட்டல் திறக்கப்பட்டது. அதே வருடம் அதன் அருகிலேயே ‘ஹோப்பி ஹவுஸ்’ எழுந்தது. அதை வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர். பெண் கட்டடக் கலைஞர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது.

இயற்கைக்கு முன்னால் கட்டடம் அடங்கி நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1914-ல் அவர் கட்டிய ‘லுக்அவுட் ஸ்டூடியோ’வைத் தூரத்திலிருந்து பார்த்தால், பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. கிழக்கே, டெசர்ட் வியூவில், 1932-ல் 21 மீட்டர் உயரக் காவற்கோபுரம் ஒன்றை அமைத்தார். பழங்குடியினரின் இடிந்த கோபுரங்களைத் தேடிப்போய்ப் பார்த்த பிறகு வரைந்த வடிவம் அது. உள்ளே ஹோப்பி ஓவியர் ஃபிரெட் கபோட்டியின் சுவரோவியங்கள் இருக்கின்றன.

பிரைட் ஏஞ்சல் லாட்ஜில் கோல்ட்டர் அமைத்த கணப்படுப்பைத் தவறவிடக் கூடாது. பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகளை அதே வரிசையில், கீழிருந்து மேலாக அடுக்கிக் கட்டியிருக்கிறார். குழந்தைகளுக்கு நிலவியல் சொல்லித்தர அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. கோல்ட்டரின் நான்கு கட்டடங்கள் 1987-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

தண்ணீருக்காக ஓடிய அண்ணன் தம்பி

விளிம்பின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்பது கோல்ப் ஸ்டூடியோ. எல்ஸ்வர்த், எமரி என்ற சகோதரர்கள், கோவேறு கழுதையில் கீழே இறங்கும் பயணிகளை இங்கே படம் பிடிப்பார்கள். ஆனால் படத்தைக் கழுவ மேலே நல்ல தண்ணீர் கிடையாது. 7 கிலோமீட்டர் கீழே, ஊற்று இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். அங்கே கழுவிய படங்களோடு, பயணிகள் திரும்பி வருவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். எமரி 1976-ல் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் வாழ்ந்தார்.

அந்த ஊற்றுக்கும் ஒரு கதை உண்டு. அது ஹவசுபாய் பழங்குடியினர் பயிர் செய்து வாழ்ந்த இடம். 1919-ல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா வந்த பிறகு, அந்த மண்ணின் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ‘இண்டியன் கார்டன்’ என்று அழைக்கப்பட்ட அந்த இடத்துக்கு 2022-ல்தான் ‘ஹவசுபாய் கார்டன்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். நிலம் போய் ஏறக்குறைய நூறு வருடம் கழித்துப் பெயராவது திரும்பி வந்தது.

ஒரே இரவில் சாம்பல்

எதிர்ப்புறம், வடக்கு விளிம்பில், ‘கிராண்ட் கேன்யன் லாட்ஜ்’ இருந்தது. 1928-ல் கட்டி, 1932-ல் தீக்கிரையாகி, 1937-ல் அதே இடத்தில் மறுபடியும் எழுந்த விடுதி. அதன் பெரிய ஜன்னல்கள் வழியே பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்காகவே குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வந்தன. 2025 ஜூலை 4-ம் தேதி மின்னல் தாக்கிக் காட்டுத்தீ பற்றியது. அடுத்த வார இறுதியில் விடுதியும் எரிந்துபோனது. ‘அடுத்த முறை வடக்குப் பக்கம் போவோம்’ என்று தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த அடுத்த முறை வரவேயில்லை.

போகிறீர்களா?

* தெற்கு விளிம்பு வருடம் முழுக்கத் திறந்திருக்கும். பனிக்காலத்தில் வடக்கு விளிம்புக்குப் போகும் சாலை மூடப்படும்.

* ஹோப்பி ஹவுஸ், லுக்அவுட், கோல்ப் ஸ்டூடியோ, பிரைட் ஏஞ்சல் லாட்ஜ் நான்கையும் நடந்தே பார்த்துவிடலாம். பூங்காவுக்குள் இலவச பஸ்ஸும் உண்டு. காவற்கோபுரத்துக்குக் காரில் சுமார் 40 கிலோமீட்டர் போக வேண்டும்.

* தெற்கு விளிம்பு ஊட்டியைப் போல 2,000 மீட்டருக்கு மேல் உயரம். கோடையிலும் இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

* ஆறு வரை இறங்கி ஒரே நாளில் ஏறி வர முயல வேண்டாம். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் சிக்கல்.

பள்ளத்தாக்கு எங்கேயும் போய்விடாது. நம் பேரன் பேத்திகளும் அதைப் பார்ப்பார்கள். ஆனால், அதன் விளிம்பில் மனிதர்கள் ஆசையாகக் கட்டிய வீடுகளுக்கு அந்த ஆயுள் கிடையாது. எனவே, போனால் அரைநாள் கூடுதலாகத் தங்குங்கள். செல்ஃபி எடுத்து முடித்ததும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.