சுருங்க வேண்டிய வண்ணம்

வங்கி அதிகாரியின் மேசைமீது வாடிக்கையாளர்கள் வழக்கமாக வைப்பவை வைப்புநிதி ரசீது, நகைப்பை, வீட்டுப் பத்திரம் ஆகியவையே. கொல்கத்தாக் கிளையொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், ஒரு நவம்பர் காலையில், வங்காள நாளிதழில் சுற்றப்பட்ட நீண்ட பொருள் ஒன்றை வாடிக்கையாளர் ஒருவர் என் மேசைமீது வைத்தார். பிரித்துப் பார்த்தால், பழைய கார் எஞ்சினின் வால்வு மூடி. அலுமினிய வார்ப்பு. அதன் ஒரு பாதி, உலர்ந்த திராட்சையின் தோல்போல நெளிநெளியான கறுப்பு வண்ணம் கொண்டிருந்தது. மறு பாதியில் வண்ணமே இல்லை. உலோகம் கரையான் அரித்த பலகைபோலக் குழிகுழியாக இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற பொறியாளர், பாலங்கள் கட்டியவர். வண்டி அவருடைய தந்தையார் வாங்கிய ஐரோப்பியக் கார். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அத்தகைய வண்டி அந்நகரில் இரண்டு மூன்றுதான் உண்டு என்பதால், பெயரைச் சொன்னால் வாடிக்கையாளரையும் சொன்னதாகிவிடும். வேறொரு மூடியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தனிநபர் கடன் வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. கடனின் நோக்கத்தைக் கேட்டறிவது என் கடமை. அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் இக்கட்டுரைக்கு வித்து.

ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கொல்கத்தாவில் நடைபெறும் ஸ்டேட்ஸ்மேன் பழங்கார் பேரணி 1968ஆம் ஆண்டில் தொடங்கியது. அதில் கலந்துகொள்ள வண்டியை ஆயத்தம் செய்தவர், மூடியின் வண்ணம் ஆங்காங்கே உரிந்திருப்பதைக் கண்டார். பூஜை விடுமுறையில் ஒரு வாளி வெந்நீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து மூடியை அதில் நிறுத்திவைத்தார். இரும்புக் கதவின் பழைய வண்ணத்தை அவ்வாறு உரித்த அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் காஸ்டிக் சோடா வண்ணத்தோடு அலுமினியத்தையும் உண்ணும். உலோகம் கரையக் கரைய ஹைட்ரஜன் வாயு நுரைத்துக் கிளம்பும். அது தீப்பற்றும் வாயு. நுரையைக் கண்டு வண்ணம் நன்றாகக் கழல்கிறது என்று மகிழ்ந்து அவர் உணவுண்ணச் சென்றுவிட்டார். வாளி சிறியதாக இருந்ததால் பாதி மூடியாவது தப்பியது.

இந்த நெளிவான பூச்சைப் பட்டறைகளில் ரிங்கிள் பெயின்ட் என்பர். சுருக்கப் பூச்சு என்று நாம் அழைக்கலாம். வெடிப்புப் பூச்சு என்பது வேறு. அதில் மேற்படலம் பிளந்து அடியிலுள்ள நிறம் தெரியும். சுருக்கப் பூச்சில் பிளவு கிடையாது, மடிப்பு மட்டுமே. பழைய தட்டச்சுப் பொறிகளிலும் அளவுக் கருவிகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். நான் பணியில் சேர்ந்த கிளையின் பொருளறையில் கிடந்த தட்டச்சுப் பொறியின் உடலைத் தடவிய நினைவு எனக்கு இன்றும் விரலில் இருக்கிறது. பெராரி நிறுவனத்தின் 250 வரிசைக் கார்கள் பலவற்றில் எஞ்சின் மூடிகள் கறுப்புச் சுருக்கப் பூச்சுடன் வந்தன. அவ்வரிசையில் 1957ஆம் ஆண்டின் பந்தயக் காருக்கோ மூடிகள் சிவப்பு. அதனாலேயே அதன் பெயர் டெஸ்டா ரோசா, இத்தாலிய மொழியில் சிவந்த தலை.

அழகுக்காக மட்டும் இப்பூச்சு தோன்றவில்லை. மணல் அச்சில் வார்த்தெடுத்த உலோகத்தின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அதைத் தேய்த்து மெருகேற்றக் கூலியும் நேரமும் செலவாகும். நெளிவான பூச்சு அக்குறைகளை மறைத்துவிடும், கண் கூசாது, விரல் தடமும் எளிதில் தெரியாது. ஆகவே உற்பத்தியாளருக்கு இது சிக்கனம்.

வணிகவியல் படித்தவனுக்கு இதில் வேறொரு சுவையும் உண்டு. சுருக்கப் பூச்சுக்கான காப்புரிமைகளைத் தனித்தனியே வைத்து வழக்காடிக்கொண்டிருந்த இரு தரப்பினர், 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நியூ ரிங்கிள் என்ற நிறுவனத்தை அமைத்து, அவற்றை அதனிடம் ஒப்படைத்தனர். பூச்சைத் தயாரிக்க உரிமம் பெற்றவர்கள் அந்நிறுவனம் குறிக்கும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்கலாகாது என்பது நிபந்தனை. நாட்டின் இருநூற்றுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள், அதாவது ஏறத்தாழ அனைவருமே, அந்த ஒப்பந்தத்திற்குள் வந்தனர். காப்புரிமைகளை ஒன்றுசேர்த்து ஒரு தொழில் முழுவதற்கும் விலை கட்டுவது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று 1952ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெளிந்த வண்ணத்துக்காக ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறார்கள் என்று அந்தப் பொறியாளரிடம் பின்னொரு நாள் கூறியபோது, அன்றுதான் அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைக் கண்டேன்.

கடன் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டேன். ஆயினும், மூடியை அறிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கலாமே என்று கேட்டுக்கொண்டேன். அவரும் இசைந்தார். அடுத்த இரு விடுமுறைச் சனிக்கிழமைகளிலும், பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற மல்லிக் பஜாரை ஒட்டிய சிறு பட்டறை ஒன்றில் அவரோடு நானும் அமர்ந்திருந்தேன். கீழே எழுதுவனவற்றுள் பெரும்பகுதி அங்கே கண்டதும் கேட்டதும்.

பட்டறைக்காரர் முதலில் செய்தது, வண்ணம் இருந்த பாதியில் ஒரு மூலையைச் சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவியதுதான். எண்ணெய்க்கறை நீங்கியதும் அங்கே வண்ணம் புதிதுபோலத் தோன்றியது. கழுவிப் பார்த்திருந்தால் உரிக்கும் தேவையே எழுந்திராது போலும். நெளிவுகளின் இடுக்கில் பல ஆண்டு எண்ணெய் படிந்தால் நல்ல பூச்சும் கெட்டதுபோலத் தெரியும். பழங்கார்களின் மதிப்பில் பெரும்பங்கு அவற்றின் அசல் தன்மையைச் சார்ந்தது. நம் நாட்டிலும், முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் பேணப்படும் வண்டிகளைத் தனியே பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆகவே, கழற்றுவதற்கு முன்னும் உரிப்பதற்கு முன்னும் பல கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெளிவின் அளவு கடுகளவா கொள்ளளவா என்பதுகூடப் பின்னால் தேவைப்படும்.

உரித்தே ஆகவேண்டிய நிலையில், உலோகம் எதுவென்று அறிவது முதல் வேலை. சில பழைய கார்களில், குறிப்பாகப் பந்தய வகைகளில், இம்மூடிகள் மக்னீசியக் கலவையால் ஆனவை. பார்வைக்கு அலுமினியம்போலவே இருக்கும். உட்புறத்தில் சுரண்டிய இடத்தில் ஒரு துளி வினிகர் விட்டால் மக்னீசியம் நுரைக்கும். அலுமினியம் பேசாமல் இருக்கும். அலுமினியத்துக்குக் காரம் பகை என்றால் மக்னீசியத்துக்கு அமிலம் பகை. மக்னீசியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது தீயை மூட்டிவிடும். எனவே அதைத் தேய்த்துத் தூளாக்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது.

கடைகளில் கிடைக்கும் வண்ணநீக்கிகளுள் வேகமாக வேலை செய்பவை மெத்திலீன் குளோரைடு கலந்தவை. அதன் ஆவியைச் சுவாசித்தால் உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறும்; மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 2019 முதல் அத்தகைய நீக்கிகளை வீட்டு உபயோகத்துக்கு விற்கத் தடை உள்ளது. புட்டியின் பின்புறத்தைப் படித்து, அது இல்லாததாகப் பார்த்து வாங்குவதே நலம். மெதுவாக வேலை செய்யும் நீக்கியைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஓரிரவு விட்டால் நெளிவுகளின் அடிவரை ஊறும். மறுநாள் பித்தளைத் தூரிகையால் தேய்க்கலாம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது கூடாது.

சிலர் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி வண்ணத்தை அகற்றுவர். மேற்பரப்பு மிக அழகாக வரும். ஆனால் மூடியின் உட்புறத்தில் எண்ணெய் தெறிக்காமல் இருக்க ஒரு தகடு அடித்து வைத்திருப்பார்கள். அதன் பின்னே நுழைந்த மணிகள் எத்தனை முறை கழுவினாலும் முழுமையாக வெளிவாரா. பின்னர் எஞ்சின் ஓடும்போது அவை எண்ணெயோடு கலந்து தாங்கிகளை அறுத்துவிடும். சில நூறு ரூபாய் வேலைக்காக எஞ்சினையே பிரிக்கும் நிலை வரும். தகட்டைக் கழற்ற முடியாத மூடிக்கு அம்முறை வேண்டாம் என்று பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

இனி, பூசும் முறை. சுருக்கப் பூச்சு, வண்ணம் பூசுவோர் குறையென்று கருதும் ஒன்றை வேண்டுமென்றே வரவழைப்பதாகும். கதவில் எண்ணெய் வண்ணத்தை அளவுக்கு மீறித் தடிப்பாகப் பூசினால் மேலே சுருங்கிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். இப்பூச்சின் தொடக்ககாலக் கலவைகளில் சீனாவில் விளையும் டங் மரக்கொட்டையின் எண்ணெயும், மேற்பரப்பை விரைந்து உலரச்செய்யும் கோபால்ட் உப்பும் இடம்பெற்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மேற்படலம் முதலில் இறுகும், இறுகும்போதே விரியும். அடியில் வண்ணம் இன்னும் குழைவாக இருக்கும். விரிய இடமின்றி மேற்படலம் மடியும். ஆறிய பாலின்மேல் படிந்த ஆடை, குவளையைச் சாய்த்தால் சுருங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

இதைப் புரிந்துகொண்டால் முறைகள் தாமே விளங்கும். பூச்சு மெல்லியதாக இருந்தால் சுருக்கமே விழாது. தடிப்பு கூடக் கூட நெளிவு பெரிதாகும். தடிப்பு சீராக இல்லாவிட்டால் நெளிவும் சீராக இராது. எனவேதான் தெளிப்புப் புட்டியால் முதல் பூச்சைக் கிடைமட்டமாகவும், சுமார் ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவதை மேலிருந்து கீழாகவும், மேலும் ஐந்து நிமிடம் கழித்து மூன்றாவதைக் குறுக்குச் சாய்வாகவும் அடிக்கிறார்கள். பின்பு வெப்ப விளக்கோ வெப்பக் காற்றோ காட்டினால் கண்முன்னே வண்ணம் நெளியத் தொடங்கும். அந்தக் காட்சிக்காகவே ஒரு சனிக்கிழமையை இழக்கலாம். அடுப்பில் வைப்பவர்கள் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் வைப்பர். உணவு சமைக்கும் அடுப்பு இதற்கு ஆகாது. முதலில் பழைய தகரத் துண்டொன்றில் பூசிப் பார்ப்பது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும், வீண் வேலையன்று.

அதற்கு முன் மூடியைக் கரைப்பானால் துடைத்து, அலுமினியத்துக்குரிய அடிப்பூச்சைக் கொடுத்து, கேஸ்கெட் அமரும் விளிம்பையும் திருகுத் துளைகளையும் ஒட்டுத்தாளால் மறைத்துவிட வேண்டும். அவ்விடத்தில் வண்ணம் ஏறினால் எண்ணெய் கசியும். பவுடர் கோட்டிங்கிலும் சுருக்க வகை உண்டு. உறுதி மிகுந்தது, ஆனால் 180 டிகிரிக்கு மேல் சூடேற்றும்போது பழைய வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் கொப்புளித்து எழக்கூடும். முன்னதாக வெறும் மூடியைச் சுட்டெடுத்த பின்னரே அதைச் செய்வர்.

நம் பொறியாளரின் மூடி என்னவாயிற்று? கேஸ்கெட் விளிம்பின் குழிகளை இயந்திரத்தில் மிகச் சிறிதளவு சீவிச் சமன்செய்தனர். வெளிப்புறத்தின் ஆழமான குழிகளை வெப்பம் தாங்கும் உலோகப் பசையால் நிரப்பினர். எஞ்சிய சொரசொரப்பைச் சுருக்கப் பூச்சே மறைத்துவிட்டது. அது பிறந்ததே அதற்காகத்தானே. எல்லாச் செலவும் சேர்ந்து, அவர் கேட்ட கடன் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கடைசிப் பூச்சைத் தானே அடிப்பதாக அவர் பிடிவாதம் பிடித்தார், பட்டறைக்காரர் விட்டுக்கொடுத்தார்.

அந்த ஆண்டுப் பேரணிக்கு வண்டி ஆயத்தமாகவில்லை. கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வந்த நாளில் மூடியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். நெளிவுகள் சீராக இருந்தன, இடது மூலையில் மட்டும் சற்றுப் பெரிது. அங்கேதான் என் கை நடுங்கியது என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் கையொப்பமிட என் பேனாவைக் கேட்டு வாங்கினார்.