டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு வக்கீல்!

பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் அபார்ட்மெண்ட் வாசலில் சாயங்காலம் காற்று வாங்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'பெரியவன் நியூஜெர்ஸி, சின்னவள் மெல்போர்ன்' என்று ஒரு உலக வரைபடமே கிடைக்கும். சந்தோஷமான விஷயம்தான். ஆனால், அதே வீடுகளில் சிலவற்றில் நடு ராத்திரியில் இப்படியும் ஒரு போன் வருகிறது.

"அம்மா, இனிமே என்னால அவரோட இருக்க முடியாது. குழந்தையைத் தூக்கிக்கிட்டு அங்கேயே வந்துடறேன்."

பெற்ற மனசு என்ன சொல்லும்? "உடனே கிளம்பி வந்துடு கண்ணு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்!"

அங்கேதான் சிக்கல். குழந்தை யாரிடம் வளர்வது என்கிற வழக்கில் 'மற்றதை அப்புறம்' பார்க்க முடியாது. விமானம் ஏறுவதற்கு முன்பு எடுக்கிற ஒரு மணி நேர ஆலோசனை, ஏறிய பிறகு வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறுவதைத் தவிர்க்கலாம். இது மகளைப் பெற்றவர்களுக்கு மட்டுமல்ல. 'பேரனை மருமகள் அழைத்துப் போய்விட்டாள்' என்று தவிக்கிற மகனின் பெற்றோருக்கும் பொருந்தும்.

சென்னை வரை வந்த ஒரு வழக்கு

இது கற்பனை அல்ல, சுப்ரீம் கோர்ட் வரை போனது. பெயர்கள் வேண்டாம். அதில் ஒரு குழந்தையும் இருக்கிறது அல்லவா?

அமெரிக்காவில் வாழ்ந்த நம்மவர் தம்பதி, விவாகரத்துப் பெற்றார்கள். 2007 ஜூன் 18 அன்று நியூயார்க் குடும்ப நீதிமன்றம் இருவரும் சம்மதித்தபடி ஓர் உத்தரவு போட்டது. மகன் இருவர் பொறுப்பிலும் வளரவேண்டும் என்று. சரியாகப் பத்தாவது நாள், ஜூன் 28 அன்று, அம்மா பையனோடு இந்தியா கிளம்பினார். சென்னையில் தன் பெற்றோர் வீட்டில் இருக்கப் போவதாகத் தகவலும் சொன்னார். பையனுக்கு ஐந்து வயது ஆக இன்னும் சில நாட்களே இருந்தன.

அப்பா நியூயார்க் கோர்ட்டுக்குப் போனார். குழந்தை தற்காலிகமாக அவர் பொறுப்பு என்று உத்தரவானது. அம்மா மீது வாரண்ட். இங்கே அம்மாவும் பையனும் ஊர் ஊராக மாறினார்கள். பையனின் பள்ளிக்கூடமும் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அப்பா சுப்ரீம் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட, சி.பி.ஐ. தேடி, 2009 அக்டோபரில் சென்னையில் கண்டுபிடித்தது. அப்போது பையனுக்கு ஏழு வயது.

2009 நவம்பர் 17 அன்று தீர்ப்பு வந்தது. பதினைந்து நாட்களுக்குள் அம்மாவே பையனை அமெரிக்கா அழைத்துச் சென்று நியூயார்க் கோர்ட்டில் ஆஜராகவேண்டும். பயணச் செலவும் அங்கே தங்கும் ஏற்பாடும் அப்பாவின் பொறுப்பு. வாரண்டைக் கைவிடும்படி அவர் அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்!

யார் சரி, யார் தப்பு என்று நாம் தீர்ப்புச் சொல்லவேண்டாம். ஆனால், இரண்டு வருட ஓட்டத்தை அந்தச் சின்னப் பையனும் சேர்ந்துதானே ஓடினான்?

அப்படியானால் எப்போதும் திருப்பி அனுப்பி விடுவார்களா?

இல்லை. குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஒரு தரப்பாகக் கொண்டு போவது பற்றி 1980-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இலங்கை எல்லாம் அதில் உண்டு. குழந்தையை முதலில் அது வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பு, வழக்கை அங்கே பேசிக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதில் சேரவில்லை. சேரவேண்டும் என்று 2009-லேயே சட்டக் கமிஷன் தன் 218-வது அறிக்கையில் சொல்லியும், சேரவில்லை.

ஆகவே நம் கோர்ட்டுகள் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்க்கின்றன. 2017 ஜூலையில் இன்னொரு வழக்கு. இங்கிலாந்திலிருந்து அம்மா தன் சின்ன மகளோடு டெல்லி வந்துவிட்டார். குழந்தைக்கு இதயக் கோளாறு. இங்கிலாந்து கோர்ட் உத்தரவு அப்பா பக்கம் இருந்தும், சுப்ரீம் கோர்ட் குழந்தையை அம்மாவிடமே விட்டது. வெளிநாட்டுக் கோர்ட் உத்தரவு என்பது கவனிக்கவேண்டிய விஷயங்களில் ஒன்று, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்றது.

பார்த்தீர்களா? ஒரே சுப்ரீம் கோர்ட், இரண்டு விதமான முடிவு. அதனால்தான், 'எங்க ஒண்ணுவிட்ட அக்கா பொண்ணு கூட்டிட்டு வந்துட்டா, ஒண்ணும் ஆகலை' என்று யாராவது சொன்னால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்தக் குழந்தையின் கதை வேறு, உங்கள் பேத்தியின் கதை வேறு.

இரண்டு நாடு, இரண்டு வக்கீல்

குழந்தை வாழும் நாட்டில் ஒருவர், இங்கே ஒருவர் என்று இரண்டு பேரிடம் ஆலோசனை கேட்கவேண்டும். மயிலாப்பூர் வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நியூஜெர்ஸி சட்டத்துக்கு அவர் பொறுப்பேற்க முடியாது. அங்கிருக்கிறவர் இங்கே கோர்ட்டில் வாதாட முடியாது.

முதலில் அந்த நாட்டு வக்கீல். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் குடும்பச் சட்டம் மாறும். பொதுவாக, குழந்தை கடைசியாக ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்த மாநிலத்தின் கோர்ட்டுக்குத்தான் முதல் உரிமை. அந்த மாநில வழக்கறிஞர் சங்கத்தில் கேட்டால், குடும்ப வழக்குப் பார்க்கிறவர்களின் பெயர் தருவார்கள். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலத்திலும் அரசின் 'லீகல் எய்ட்' இருக்கிறது. இங்கிலாந்தில் இந்தப் பிரச்னைக்கென்றே 'ரீயுனைட்' என்ற தொண்டு நிறுவனம் உண்டு. எந்த நாடானாலும் இந்தியத் தூதரகத்தில் விசாரிக்கலாம். கணவரால் கைவிடப்பட்ட இந்தியப் பெண்களுக்குத் தூதரகம் வழியாகச் சட்ட உதவி தரும் திட்டமும் இருக்கிறது.

விசா விஷயத்தைத் தனியாகக் கேளுங்கள். கணவரின் வேலை விசாவை ஒட்டிய விசாவில் மனைவி இருந்தால், விவாகரத்துக்குப் பிறகு அது நிலைக்காது. அதற்குக் குடியேற்றச் சட்டம் தெரிந்தவர் வேண்டும்.

இங்கே? பெருங்குடியில் சட்டப் பல்கலைக்கழகமே இருந்தாலும், சென்னையின் குடும்ப நீதிமன்றங்கள் இருப்பது பாரிமுனை ஹைகோர்ட் வளாகத்தில்தான். 1890-ம் வருடத்துக் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் மனுப் போடவேண்டும். போன வாரம் வந்திறங்கிய குழந்தைக்கு பெருங்குடி 'வழக்கமாக வசிக்கும் இடம்' ஆகுமா? இந்தக் கேள்வியிலேயே பல வழக்குகள் சிக்கிக் கொள்கின்றன. அதனால் குடும்ப நீதிமன்ற அனுபவத்தோடு, ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு நடத்திய அனுபவமும் உள்ளவரைத் தேடுங்கள்.

பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். 1987-ம் வருடச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிறது. இந்தியாவுக்குள்ளிருந்து 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

எச்சரிக்கையாக இருக்க...

* இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்ய அனுமதி கிடையாது. 'நூறு சதவீதம் குழந்தையை மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் ஒதுங்கி விடுங்கள். வக்கீலின் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை.

* 'ரெண்டு குடும்பத்துக்கும் வேண்டியவர்' என்று சம்பந்தி வீட்டுக்கும் தெரிந்த வக்கீலிடம் போகாதீர்கள். உங்களுக்காக மட்டும் பேசுகிறவர் வேண்டும்.

* கணவனும் மனைவியும் சேர்ந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டர், இ-மெயிலில் வக்கீலுடன் பேசவேண்டாம்.

* இங்கே வழக்கு நடத்த பெற்றோருக்குப் பவர் எழுதித் தருவதானால், தூதரகத்தில் கையெழுத்திடுவதா, அந்த ஊர் நோட்டரியிடம் போய் அப்போஸ்டில் முத்திரை வாங்குவதா என்று முன்பே கேளுங்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டவேண்டும்.

முதல் சந்திப்பில் கேட்கவேண்டியவை

ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். குழந்தையை அழைத்துக்கொண்டு ஊருக்கு வர, மற்றவரின் சம்மதம் எழுத்தில் வேண்டுமா? சம்மதம் இல்லாமல் வந்தால் அந்த நாட்டில் அது கிரிமினல் குற்றமா? (அமெரிக்காவில் 1993-ம் வருடச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை உண்டு.) குழந்தையோடு இந்தியாவில் குடியேற அங்கேயே கோர்ட் அனுமதி கேட்க முடியுமா? அங்கே போடும் உத்தரவை இங்கேயும் பதிவு செய்ய வழி உண்டா? மற்றவர் குழந்தையை அழைத்துக்கொண்டு கிளம்பி விடுவார் என்று பயமிருந்தால், பாஸ்போர்ட்டை எப்படித் தடுப்பது?

அடி உதை இருக்கிற வீடானால் இந்த வரிசை மாறும். உயிர்தான் முதலில். அந்த ஊர் போலீஸ், பெண்கள் காப்பகம், டாக்டர் என்று உடனே போகவேண்டும். அங்கே பதிவாகும் புகாரும் மருத்துவச் சான்றும் பிற்பாடு எந்த நாட்டுக் கோர்ட்டிலும் பேசும்.

ஃபைலில் குழந்தையின் உடம்பும் இருக்கட்டும்

பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், பள்ளி ரிப்போர்ட், கோர்ட் உத்தரவுகள்... இவற்றை எல்லோரும் எடுத்து வைக்கிறார்கள். தடுப்பூசி அட்டை, டாக்டரின் குறிப்புகள், மருந்துச் சீட்டு, அலர்ஜி விவரம், கண் பரிசோதனை இவற்றை மறந்து விடுகிறார்கள். 2017 வழக்கில் குழந்தையின் உடல்நிலை எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று பார்த்தோமே! யார் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள், யார் ஸ்கூலுக்குக் கொண்டு விட்டார்கள் என்பதற்கும் அவையே சாட்சி.

தாத்தா, பாட்டிக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பெரியவர்கள் சண்டை நடக்கும்போது குழந்தை படுக்கையை நனைக்கும், காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்னும், ராத்திரி தூங்காது. அதட்டாதீர்கள். 'அப்பா கெட்டவர்', 'அம்மா ஓடிட்டா' என்று அதன் காதுபடப் பேசாதீர்கள். மற்றவருடன் வீடியோ போனில் பேச விடுங்கள். பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை, நேரில் பார்க்க முடியாவிட்டால் வீடியோவிலாவது பேச வழி வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

உங்கள் பெண்ணோ பிள்ளையோ போன் செய்து அழுதால், "நாங்க இருக்கோம், பயப்படாதே" என்று முதலில் தைரியம் சொல்லுங்கள். அடுத்த வார்த்தை, "நாளைக்கே அங்க ஒரு வக்கீலைப் பாரு, நாங்க இங்க ஒருத்தரைப் பார்க்கிறோம்" என்று இருக்கட்டும். டிக்கெட்டை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். குழந்தை இழந்த இரண்டு வருடத்தை யாராலும் வாங்கித் தர முடியாது.